பச்சைக்குப் பாதி இடம்

கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். பேத்தியின் நடன நிகழ்ச்சிகளைப் படமெடுக்கப் புதுப் போன் வாங்கப் போனாராம். கடைக்காரர் இரண்டை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்றில் 50 மெகாபிக்சல், மற்றதில் 108. மூவாயிரம் ரூபாய் வித்தியாசம். ‘நூற்றெட்டு என்றால் இரண்டு மடங்கு தெளிவாக வருமா? அமோலெட் திரை கட்டாயம் வேண்டும் என்கிறார்களே, அது நிஜமா?’ என்று கேட்கிறார்.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். அந்த மூவாயிரத்தைப் பேத்தியின் சலங்கைக்குச் செலவிடுங்கள் ஐயா. 108 மெகாபிக்சல் சென்சார் வழக்கமாக ஒன்பது ஒன்பது பிக்சலாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படம்தான் தரும். 50 என்று போட்டிருப்பது நான்கு நான்காகச் சேர்த்துப் பன்னிரண்டரை தரும். பெட்டியின் மேல் இரண்டு மடங்காக இருந்தது, கேலரிக்குள் வந்ததும் அரை மெகாபிக்சல் குறைவாகிவிடுகிறது! அதுவே தாராளம் என்பது வேறு விஷயம். 4கே டிவியின் முழுத் திரையையும் நிரப்ப 83 லட்சம் பிக்சல் போதும். வாட்ஸப்பில் போட்டால் அது தன் பங்குக்கு இன்னும் சுருக்கும்.

அப்படியானால் 108 வெறும் விளம்பரமா என்றால், அப்படிச் சொல்வதும் நியாயமில்லை. நல்ல வெயிலில் முழு அளவில் எடுத்தால் கோபுரத்துப் பொம்மைகளில் கூடுதல் நுணுக்கம் கிடைக்கும். ஆனால் நிறத்தில் கிடைக்காது. ஏன் என்பதில்தான் எனக்கு மிகவும் பிடித்த விநோதம் ஒன்று இருக்கிறது.

கேமரா சென்சாரின் பிக்சல் ஒவ்வொன்றும் நிறக்குருடு. எவ்வளவு ஒளி விழுந்தது என்று சொல்லும். சிவப்பா நீலமா என்று கேட்டால் விழிக்கும். ஈஸ்ட்மன் கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து 1976இல் காப்புரிமை பெற்றார். பிக்சல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு நிற வடிகட்டி. சிவப்பு வடிகட்டியின் கீழ் இருப்பது சிவப்பை மட்டும் அளக்கும், நீலத்தின் கீழ் இருப்பது நீலத்தை மட்டும். நான்கு பிக்சல் கொண்ட சதுரத்தில் சிவப்புக்கு ஓர் இடம், நீலத்துக்கு ஓர் இடம், பச்சைக்கு இரண்டு. பங்கீடு ஒருதலைப்பட்சமாகத் தெரியும். ஆனால் பேயர் நம் கண்ணைப் படித்தவர். பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் அதிகமாக உணர்வது 555 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சள் கலந்த பச்சையை. ஒரு படம் கூர்மையாக இருக்கிறதா, மங்கலாக இருக்கிறதா என்று மூளை முடிவு செய்வது பெரும்பாலும் அந்தப் பகுதியிலிருந்து வரும் தகவலை வைத்துத்தான். நீலம் கொஞ்சம் முன்னேபின்னே இருந்தாலும் நாம் கண்டுகொள்வதில்லை.

இப்போது அந்தப் பச்சைப் பிக்சலின் நிலையை யோசியுங்கள். தன் இடத்தில் சிவப்பு எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. அக்கம்பக்கத்தில் விசாரித்துத்தான் ஊகிக்க வேண்டும். மற்ற நிறப் பிக்சல்களுக்கும் இதே கதி. ஆக, நீங்கள் எடுக்கும் எந்தப் படத்திலும் நிறத் தகவலில் மூன்றில் இரண்டு பங்கு அளந்தது அல்ல, கணக்குப் போட்டு இட்டு நிரப்பியது. பெரும்பாலும் சரியாகவே நிரப்புகிறது. தடுமாறுவது நெருக்கமான கோடுகளில்: பொடிக் கட்டம் போட்ட சட்டை, பட்டுப்புடவையின் நெசவு, ஜன்னலில் அடித்த கொசுவலை. இல்லாத வளைகோடுகளும் வானவில் பூச்சும் அங்கே அலையலையாக வந்து நிற்கும். கடையில் கேமராவைச் சோதிக்க விரும்பினால் கொசுவலையைத் தேட வேண்டாம், பொடிக் கட்டச் சட்டை போட்டுக்கொண்டு போனால் போதும்.

50, 108 என்று வரும் சென்சார்களில் அருகருகே இருக்கும் நான்கு அல்லது ஒன்பது பிக்சல்கள் ஒரே நிறத்துக்கு ஒதுக்கப்பட்டவை. பிக்சல் பெருகினாலும் நிறக்கட்டம் பெருகுவதில்லை. அடுத்த நிறத்தை விசாரிக்க இன்னும் தள்ளிப் போக வேண்டியிருக்கிறது. முழு 108இல் எடுக்கும் படத்தின் நிறம் நூற்றெட்டுக்கு உரியதாக இல்லாமல் போவது இதனால்தான்.

உண்மையில் பார்க்க வேண்டிய எண் சென்சாரின் அளவு. பெரிய சென்சார் அதிக ஒளி வாங்கும். மாலைக்கு மேல், மண்டபத்துக்குள், மேடை வெளிச்சத்தில் அது தெரியும். 1/1.56 அங்குலம், 2.76இல் ஒரு பங்கு என்றெல்லாம் தொழில்நுட்ப விவரத்தில் போட்டிருப்பார்கள். கீழே உள்ள எண் சிறிதாக இருந்தால் சென்சார் பெரிது. இதிலும் ஒரு வேடிக்கை. ‘ஒரு அங்குல’ சென்சாரின் மூலைவிட்டம் 25.4 மில்லிமீட்டர் இல்லை, கிட்டத்தட்ட 16தான். பழைய டெலிவிஷன் கேமராக்களில் வீடிகான் என்ற கண்ணாடிக் குழாய் இருந்தது. குழாயின் வெளிவிட்டத்தைச் சொல்லி விற்றார்கள். படம் விழும் இடம் அதற்குள் சிறிதாக இருக்கும். குழாய் காயலான் கடைக்குப் போய்விட்டது, அதன் அளவுமுறை மட்டும் உங்கள் சட்டைப்பைக்குள் இருக்கிறது. (2 மெகாபிக்சல் மேக்ரோ, 2 மெகாபிக்சல் டெப்த் என்று பின்பக்கம் அடுக்கிவைத்திருக்கும் கூடுதல் கண்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அழகுக்கு இருக்கட்டும்.)

அடுத்தது திரை. பேயர் காட்டிய அதே தாராளம் பச்சைக்கு இங்கேயும் கிடைத்திருக்கிறது. சாதாரண எல்சிடி திரையில் ஒரு பிக்சல் என்றால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணைப்பிக்சல்கள். போன்களில் வரும் பெரும்பாலான அமோலெட் திரைகளில் ஒரு பிக்சலுக்கு இரண்டுதான். ஒன்றில் சிவப்பும் பச்சையும், அடுத்ததில் நீலமும் பச்சையும். இல்லாத நிறத்தைப் பக்கத்து வீட்டில் கடன் வாங்கும். பென்டைல் எனப்படும் இந்த அமைப்பை உருவாக்கியவர் கேண்டிஸ் பிரவுன் எலியட். அவருடைய நிறுவனத்தின் காப்புரிமைகளைச் சாம்சங் 2008இல் வாங்கிக்கொண்டது. நம் விழித்திரையில் நீலத்தை உணரும் கூம்புசெல்கள் மிகக் குறைவு என்பதுதான் இதன் அடிப்படை. 1080க்கு 2400 திரையில் 78 லட்சம் துணைப்பிக்சல்கள் இருக்க வேண்டிய இடத்தில் 52 லட்சம்தான் இருக்கும். நீலம் எண்ணிக்கையில் பாதியானாலும் உருவத்தில் பெரிது, ஏனென்றால் நீல ஒளி தரும் பொருள் மற்றவற்றைவிடச் சீக்கிரம் தேய்கிறது. வெள்ளைத் திரையில் ஒரு பொட்டுத் தண்ணீர் வைத்து உற்றுப் பாருங்கள், துளி லென்ஸாகிப் புள்ளிகளைப் பிரித்துக் காட்டும்.

இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். அங்குலத்துக்கு நானூறு பிக்சல் நெருக்கத்தில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கறுப்பு வேண்டிய இடத்தில் அமோலெட் பிக்சல் அணைந்தேவிடுவதால் இருட்டுக் காட்சிகள் அதில் பிரமாதமாக இருக்கும். எல்சிடியின் பின்விளக்கு எப்போதும் எரிவதால் கறுப்பு சாம்பலாகக் கசியும். ஆனால் பல அமோலெட் திரைகள், வெளிச்சத்தைக் குறைத்தால், நொடிக்குச் சில நூறு முறை அணைந்து அணைந்து எரியும். சிலருக்கு இதனால் தலைவலி வருகிறது. வெளிச்சத்தை மிகக் குறைத்து, இருட்டில் திரைக்கு முன்னால் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டுங்கள். தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் திரை விட்டுவிட்டு எரிகிறது. இரவில் படுத்துக்கொண்டு நிறைய வாசிப்பவருக்கு நல்ல எல்சிடி போதும், அமோலெட் கட்டாயமில்லை.

கடைகளில் எல்லோரும் செய்வதைச் சொல்கிறேன். டெமோ போனைக் கையில் எடுத்து, எதிரே நிற்பவரை ஒரு கிளிக். அதே திரையில் பார்த்து, ‘ஆஹா, சூப்பர்!’ கேமராவுக்கு மதிப்பெண் போடுவது அதன் கூட்டாளியான திரை. திரை ‘விவிட்’ என்ற அமைப்பில் இருந்தால் நிறமெல்லாம் ஒரு சுற்று கூடித் தெரியும். என் அம்மா ஜவுளிக்கடைக் குழல்விளக்கை நம்பியதே இல்லை. விற்பனைப் பையன் முகம் சுளித்தாலும் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வெயிலுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பில் போடச் சொல்வார். போனுக்கும் அதேதான். சென்னை ரிச்சி தெருவோ உங்கள் ஊர் பஜாரோ, வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் எழுத்து தெரிகிறதா பாருங்கள். பெட்டியில் வெளிச்சம் 2,000, 3,000 நிட்ஸ் என்று போட்டிருப்பது பெரும்பாலும் திரையின் சிறு மூலை மட்டும் எரியும்போது எட்டும் உச்சம். பிறகு, நிறமெல்லாம் உங்களுக்கு மனப்பாடமான உங்கள் வீட்டுப் படம் ஒன்றை அந்தத் திரையில் திறந்து பாருங்கள். நிறுவனம் ஓடவிட்டிருக்கும் வீடியோ வேண்டாம். கறுப்புப் பின்னணியில் வண்ணப்பொடி வெடிக்கும் அதில் எந்தத் திரையும் அழகாகத்தான் இருக்கும்.

திரையைச் சோதித்த பிறகு கேமரா. அதில் எடுத்த படத்தை வாட்ஸப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக உங்கள் பழைய போனுக்கு அனுப்பி அதில் பெரிதாக்கிப் பாருங்கள். கடையின் பளீர் வெளிச்சத்தில் எடுக்காதீர்கள், அங்கே எதுவும் தோற்காது. மேசைக்கடியில் எடுங்கள். வாசலுக்கு முதுகு காட்டி ஒருவரை நிற்கவைத்து எடுங்கள். கையை வீசி நடப்பவரை எடுங்கள். நடனத்துக்கு அதுதான் பரீட்சை.

கடைசியாக ஒன்று, இதில் எனக்குக் கோபம் உண்டு. வண்ணப் படம் அச்சிடும் கூடங்களில் 1950களிலிருந்து கோடாக் தந்த ‘ஷெர்லி அட்டை’ என்று ஒன்று வைத்திருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம்; அவள் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று பொருள். மற்றவர் முகம் என்ன ஆனாலும் வெகுகாலம் அவர்கள் கண்டுகொள்ளவில்லை. பிலிம் போயும் அந்த அட்டையின் மனோபாவம் போகவில்லை. செல்ஃபி கேமராவில் பியூட்டி மோடு தானாகவே போட்டிருக்கும் போன்கள் நிறைய. கல்யாண வீட்டில் மாநிறப் பெண் கேலரிக்குள் வெளிறிப்போகிறாள், பாட்டியின் முகச்சுருக்கத்தை இயந்திரம் இஸ்திரி போட்டுவிடுகிறது. 2020இல் கூகுள் தன் பிக்சல் போன்களில் முகத்தை மெருகேற்றும் வசதி இனித் தானாக இயங்காது என்றது. அடுத்த ஆண்டு கருநிறத் தோலைச் சரியாகக் காட்டும் ‘ரியல் டோன்’ கொண்டுவந்தது. கருத்தவர்கள் நிறைந்த நம் ஊரில் இதை முதலில் நாம்தானே கேட்டிருக்க வேண்டும்? நாமோ வெளுப்பாக வருவதை ‘கிளாரிட்டி’ என்று புகழ்கிறோம்.

ஆகவே செட்டிங்ஸில் பியூட்டி மோடை அணைத்துவிட்டு, கருத்தவர் ஒருவரையும் சிவந்தவர் ஒருவரையும் நிழலில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒரே படமாக எடுங்கள். கருத்தவர் கன்னத்து அம்மைத் தழும்பு தெரிய வேண்டும், சிவந்தவர் நெற்றி வெள்ளையாக வெளுத்துப்போகக் கூடாது. பதினைந்தாயிரம் ரூபாய்ப் போன்களில் இரண்டையும் ஒழுங்காகச் செய்கிறவை குறைவு. மூன்று நான்கு கடை ஏறி இறங்க வேண்டியிருக்கும்.