மருந்துக்கு முன் ஒரு சோதனை



குழந்தைக்குக் காய்ச்சல். சளியில்லை, இருமலில்லை. இராயபுரமாயினும் எண்ணூராயினும், உடனே தெருமுனை மருந்துக்கடைக்கு ஆளனுப்பும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. சென்ற முறை மீந்த மருந்தைப் புகட்டுவோரும் உளர். அக்காய்ச்சலின் வேர் சிறுநீர்ப் பாதையில் இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

குடலில் வாழும் ஈ.கோலை என்னும் கிருமியே பெரும்பாலும் இந்நோய்க்குக் காரணம். பேசத் தெரிந்த பிள்ளை, சிறுநீர் எரிகிறது என்று சொல்லிவிடும். கைக்குழந்தையோ காய்ச்சல், வாந்தி, பால் மறுத்தல் ஆகியவற்றால்தான் உணர்த்தும். சுன்னத் செய்யப்பட்ட ஆண் பிள்ளைகளுக்கு இந்நோய் குறைவு. ஆயினும் அறவே வராது என்பதற்கில்லை. கிருமி சிறுநீரகம் வரை ஏறினால் அங்கே தழும்பு விழலாம். பிற்காலத்தில் இரத்தக் கொதிப்புக்கு அது வித்தாகலாம்.

ஆகவே, ஆன்டிபயாடிக் மருந்தின் முதல் வேளைக்கு முன்னரே சிறுநீரைச் சோதனைக்குக் கொடுத்துவிட வேண்டும். இதனைக் ‘கல்ச்சர்’ என்பர். கிருமியை வளர்த்து, அது எம்மருந்துக்கு அடங்கும் என்று காண இரண்டு மூன்று நாட்கள் ஆகும். அதுவரை காத்திராமல் மருத்துவர் மருந்தைத் தொடங்குவார்; முடிவு வந்தபின், தேவையாயின் மாற்றுவார். மருந்து உள்ளே சென்ற பிறகு எடுத்த சிறுநீரில் கிருமி தென்படாமல் போகலாம்.

காய்ச்சலுடன் கூடிய தொற்றுக்குப் பொதுவாக 7 முதல் 10 நாட்கள் மருந்து தருவர். மூன்றாம் நாளே காய்ச்சல் தணிந்து பிள்ளை ஓடியாடும். அதைக் கண்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள், நோய் திரும்பக்கூடும். மீந்ததை அடுத்த பிள்ளைக்கென எடுத்து வைக்கவும் வேண்டாம்.

இது ஒரு வீட்டுச் சங்கதி மட்டுமன்று. புதுதில்லியில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒருவரின் சிறுநீரில், வலிமை மிக்க மருந்துகளுக்கும் அடங்காத கிருமி 2008-இல் கிடைத்தது. அதற்கு அவ்வாற்றலைத் தந்த என்.டி.எம்.-1 என்னும் நொதி, சென்னையில் மட்டும் 44 கிருமி மாதிரிகளில் இருந்ததாக 2010-இல் வெளியான ஆய்வு அறிவித்தது. 2012-இல் மருத்துவச் சங்கங்கள் நம் நகரில் கூடி, சீட்டின்றி இம்மருந்துகளை விற்பதைக் கட்டுப்படுத்த வேண்டுமெனச் ‘சென்னைப் பிரகடனம்’ செய்தன. 2014 மார்ச் முதல், முக்கியமான பல ஆன்டிபயாடிக்குகளை விற்கும் கடைக்காரர், நோயாளியின் பெயரையும் எழுதித் தந்த மருத்துவர் பெயரையும் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்பது சட்டம். அட்டையில் சிவப்புக் கோடு கண்டால், சீட்டின்றிக் கேளாதீர்கள்.

நம் முன்னோர் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றழைத்த ஸ்டான்லி அரசு மருத்துவமனை நம் பகுதியிலேயே உள்ளது. மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் ஒரு பொழுதும் தாமதியாதீர்கள்.

பெண் பிள்ளைகளுக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவப் பழக்குங்கள். தண்ணீர் போதிய அளவு கொடுங்கள். மலச்சிக்கலைத் தீர்த்து வையுங்கள். பள்ளிக் கழிப்பறைக்கு அஞ்சி அவள் நாள் முழுதும் சிறுநீரை அடக்குகின்றாளா என்று இன்றே கேளுங்கள். குழந்தை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமன்றோ!