மலைக்கும் ஆற்றிற்கும் உரிமை உண்டோ?

கொல்லிமலையின்மேல் ஐயாற்றின் பாங்கர் அறப்பளீசுரர் திருக்கோயில் விளங்குகின்றது. அறைப்பள்ளி எனத் தேவாரத்துள் வைத்துப் பாடப்பெற்ற பழம்பதி இது. இவ்வாற்று மீன்களை இறைவனோடு இயைபுடையனவாகக் கருதி உணவூட்டுதல் அடியார் வழக்கம். கோயில் நிலத்தை ஒருவன் கவரின் இறைவன் பெயராலேயே வழக்கிடலாம். அம்மீன்கள் வாழும் ஆற்றையும், ஆற்றிற்கு நீருதவும் காட்டையும் ஒருவன் அழிப்பின், அவற்றின் பெயரால் வழக்கிடல் இயலுமோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

சென்னை உயர்நீதிமன்றத்து மதுரைக் கிளையில், தேனி மாவட்டத்து மேகமலை வனநிலத்திற்குப் பட்டா வழங்கியமை பற்றித் தண்டிக்கப்பட்ட அலுவலர் ஒருவரின் வழக்கு வந்தது. அதன்கண் 19-4-2022இல் தீர்ப்புரைத்த நீதிபதி எஸ். ஸ்ரீமதி, இயற்கையன்னை உரிமையும் கடமையும் பொறுப்புமுடைய சட்டவழி ஆள் என அறிவித்தார். தம்மைக் காத்துக்கொள்ளமாட்டாதார்க்கு அரசே பெற்றோராய் நிற்கவேண்டும் என்னும் நெறியே இதற்கு அடிப்படை. எக்குவடோர் நாடு 2008இல் இயற்கையின் உரிமையைத் தன் அரசியலமைப்பிற் சேர்த்தது. நியூசிலாந்து 2017இல் வாங்கனூயி ஆற்றைச் சட்டவழி ஆளாக்கிற்று.

அற்றேல், மலையும் ஆறும் மாயையின் காரியமாகிய சடப்பொருள்களாகலின், அவற்றிற்கு உரிமை கூறுதல் சித்தாந்தத்தோடு முரணாதோ எனின், முரணாது. என்னை? சட்டம் 'ஆள்' என்பது அறிவுடைப்பொருளை மட்டும் அன்று. உரிமை தாங்குதற்கும் பிறரால் அது காக்கப்படுதற்கும் உரியதனையும் ஆம். திருவுருவம் அத்தகைய ஆளென்பதை இலண்டன் பிரிவிக் கவுன்சில் 1925இல் உரைத்தது. சோழநாட்டுப் பத்தூரிலிருந்து கவரப்பட்ட நடராசர் திருவுருவம் பற்றிய வழக்கில், சிதைந்து கிடந்த திருக்கோயிலே வழக்காடற்குரியது என இங்கிலாந்து மேன்முறையீட்டு மன்றமும் 1991இல் ஏற்றது. சிதைந்த கோயிற்கு ஏற்றது ஓடும் ஆற்றிற்கு ஏலாமை யாங்ஙனம்?

இனி, தனு கரண புவன போகங்கள் உயிர்களின்பொருட்டு இறைவனால் உதவப்பட்டவை. எழுவகைப் பிறப்பினுள் தாவரமும் ஒன்றாகலின், காடு வெறும் மரத்திரள் அன்று. எண்ணிறந்த உயிர்கள் வினைப்பயன் நுகர்தற்கு உற்ற உடம்பும் உறையுளும் ஆம். பிறவுயிர்க்கும் பொதுவாக உதவப்பட்டதனை ஒருவன் தனக்கே உரியதென அழித்தல், முதல்வன் உடைமையை 'எனது' எனக் கொள்ளும் மயக்கமே.

ஆயினும் பெயரளவில் உரிமை வழங்குதல் அமையாது. உத்தரகண்ட உயர்நீதிமன்றம் 20-3-2017இல் கங்கையையும் யமுனையையும் ஆள்களென அறிவித்தது. வெள்ளத்தால் கேடுறுவார்க்கு ஈடு தருபவர் யாவர் என மாநில அரசு முறையிட, உச்சநீதிமன்றம் அவ்வாண்டு சூலையில் அவ்வறிவிப்பை நிறுத்திவைத்தது. கோயிலின் உரிமை நிலைபெறுதல் அதன்பொருட்டு விடைகூறும் அறங்காவலர் இருத்தலால் அன்றோ? மலைக்கும் அத்தகையோர் வேண்டும்.

முன்னர் அலுமினியக் கனிமம் தோண்டப்பட்ட கொல்லிமலையிலேயே, மலையாளிப் பழங்குடியினர் கோயிற்காடுகளைத் தெய்வத்தின் உடைமையெனப் பேணிவந்துள்ளனர். சட்டம் தேடும் காவலர் ஈண்டு முன்னரே உளர். அவர்தம் காவலைச் சட்டம் ஏற்று ஆற்றல் அளிப்பின், உரிமை என்னும் சொல் பொருளுடையதாம். அன்றேல் அது வறுஞ்சொல்லாய் ஒழியும்.