மலைநாட்டுப் பயணத்திற்கு ஏற்ற காலம்

யப்பான் தேசத்தில் இலையுதிர் காலம் பிறந்துவிட்டால் மக்கள் மலைகளை நோக்கிப் புறப்படுவர். மேப்பிள் மரங்களின் இலை எந்த ஊரில் எந்த வாரத்திற் சிவக்கும் என்று முன்கூட்டியே அறிவிப்புகள் வெளியாகும். பகலெல்லாம் அச்செம்மையைக் கண்டு களித்து, மாலையில் வெந்நீர் ஊற்றிலே நீராடி, அப்பருவத்திற்கே உரிய காளான் முதலியவற்றை உண்டு திரும்புவது அங்கே நெடுநாள் வழக்கம். இதைக் கேள்வியுற்றோர் சிலர், நுவரெலியாவும் குளிர்ப் பிரதேசந்தானே, ஒக்டோபர் மாதத்தில் அங்கே சென்றால் என்ன என்று எண்ணுவதுண்டு. மலைநாட்டின் பருவங்களை அறிந்தோர் அம்மாதத்தைத் தெரிவு செய்யமாட்டார்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆண்டின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை சென்ரிகிரேட். மிகக் குளிர்ந்த மாதத்திற்கும் மிக வெப்பமான மாதத்திற்கும் இடையே மூன்று நான்கு பாகைதான் வேறுபாடு. ஆகவே அங்கே காலத்தைப் பிரித்து வைப்பது காற்றேயாகும். மே மாதம் தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசுவதைக் கீழ்மாகாணத்தார் கச்சான் காற்று என்பர். இது மேற்குச் சரிவிலுள்ள ஹற்றன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலைப் பகுதிகளில் தன் மழையைக் கொட்டிவிட்டு, மலைமுகட்டைக் கடந்து ஊவாவில் இறங்கும்போது உலர்ந்த காற்றாகி விடுகிறது. டிசெம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து வாடை வீசும். அப்போது ஊவா நனைய, நாட்கள் செல்லச் செல்ல மேற்குப்புறம் வெயில் காணும்.

இவ்வேறுபாட்டை ஒரே நாளில் நேரிற் காண விரும்புவோர் பதுளைக்குச் செல்லும் புகையிரதத்தில் ஏறலாம். 1,898 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொலை நிலையத்தை விட்டு வண்டி ஒரு சுரங்கத்தினுள் நுழையும். வெளிப்பட்டதும் ஒஹியா வரும். கச்சான் காலத்தில், சுரங்கத்தின் இப்புறத்தில் மூடுபனியும் தூறலுமாக இருக்க, அப்புறத்திற் பளிச்சென்று வெயில் எறிப்பதைப் பயணிகள் பலமுறை கண்டிருக்கின்றனர். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலால் மலைநாட்டுப் புகையிரதப் பாதை பல இடங்களிற் பெருஞ் சேதமுற்றது. எனவே வண்டி எதுவரை ஓடுகின்றது என்பதை விசாரித்த பின்னரே பயணத்தை வகுத்துக்கொள்ளல் நன்று.

சிவந்த இலை மலைநாட்டிலும் உண்டு. ஆனால் அது பிறக்கும் விதம் வேறு. குளிர்நாட்டு மரத்தின் இலை முதிர்ந்து, பச்சையம் சிதைந்து, உதிர்வதற்கு முன்னர் நிறம் மாறுகிறது. ஹோட்டன் சமவெளியிலும் ஹக்கலைக் காட்டிலும் உள்ள மரங்கள் என்றும் பசுமையானவை. அவற்றுட் பலவற்றின் தளிரே செந்நிறமாய்த் துளிர்க்கும். பச்சையம் நிறைய நிறைய அந்நிறம் மறைந்துவிடும். புன்னையின் இனத்தைச் சேர்ந்த, சிங்களத்திற் கீன எனப்படும் மரம் இதற்குத் தக்க சான்று. குடை விரித்தாற்போன்ற அதன் தலையில் இளந்தளிர் துளிர்க்கும் வேளையில், தொலைவிலிருந்து நோக்குவோர்க்குக் காடே பூத்தது போலத் தோன்றும்.

இனித் தேயிலை இலையின் கதை. பயணத்தின் மாதத்தைத் தீர்மானிக்க இதனிலும் நல்ல வழிகாட்டி இல்லை. உலர்ந்த காற்று வீசும்போது கொழுந்து மெதுவாக வளர்கிறது. அதனால் மணமும் சுவையும் அதில் மிகுகின்றன. ஊவாத் தேயிலைக்குப் பெயர் தேடித் தந்தவை கச்சான் வீசும் யூலை முதல் செப்டெம்பர் வரையான மாதங்கள். ஹற்றனை உள்ளிட்ட திம்புளைப் பகுதிக்கு உயர்ந்த பருவம் யனவரி முதல் மார்ச் வரை. தேயிலை மணக்கும் மாதமே வானம் தெளிந்த மாதமும் ஆகும். பயணிக்கு வேறு பஞ்சாங்கம் வேண்டியதில்லை. ஆனால் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இப்பருவம் அவ்வளவு உவப்பானதன்று. செடியிற் கொழுந்து குறைய, கூடையில் நிறை குறைகிறது. குறித்த நிறை சேராத நாளில் 'அரைப்பேர்' விழுந்து, அந்நாட் கூலி பாதியாகும். கொழும்பிலோ இலண்டனிலோ அத்தேயிலையின் விலை ஏறுவதை அவர்கள் கேள்விப்படுவதும் அரிது.

வெந்நீர் ஊற்றுக்களை நுவரெலியாவிலோ ஹற்றனிலோ தேடுவது வீண். இலங்கையில் எரிமலை இல்லை. நிலத்தின் வெடிப்புக்கள் வழியே மழைநீர் மிக ஆழத்திற்கு இறங்கி, அங்குள்ள சூட்டினால் வெம்மையுற்று மீண்டும் மேலெழுகிறது. நடுமலைப் பாறைத் தொகுதியும் கிழக்கின் விஜயன் பாறைத் தொகுதியும் சந்திக்கும் எல்லையை ஒட்டியே இவ்வூற்றுக்களிற் பல அமைந்துள்ளன. தன் தாயின் இறுதிக் கடனைச் செய்ய இராவணன் உண்டாக்கியதாகச் சொல்லப்படும் திருகோணமலைக் கன்னியாவின் ஏழு கிணறுகளைத் தமிழர் யாவரும் அறிவர். மலைநாட்டிலிருந்து செல்வோர்க்கு மகா ஓயா ஊற்றே வசதியானது. பேராதனையிற் புறப்படும் பெருந்தெரு நுவரெலியா, வெலிமடை, பதுளை, லுணுகலை, பிபிலை வழியாக இறங்கி மகா ஓயாவைத் தொட்டுச் செங்கலடிக்குச் செல்கிறது. கை வைக்க முடியாத அளவுக்குச் சூடான நீர் அங்கே உண்டு. ஆதலால் ஆற விட்டே உடலில் வார்த்துக்கொள்ள வேண்டும். அப்பகுதிக்கு மழை தருவது வாடை. ஆகவே ஓகஸ்டிலும் செப்டெம்பரிலும் ஊவாத் தேயிலையையும் மகா ஓயா ஊற்றையும் ஒரே பயணத்திற் கண்டுவிடலாம். யனவரி முதல் மார்ச் வரை செல்வோர் ஊற்றை மறந்து, ஹற்றனோடும் சிவனொளிபாத மலையோடும் நின்றுவிடுவதே உசிதம். அம்மலையின் யாத்திரைக் காலம் டிசெம்பர்ப் பூரணையில் தொடங்கி வைகாசிப் பூரணையில் முடியும். மாசியிற் சென்றால் தோட்டங்களிற் காமன் கூத்தையும் பார்க்கலாம்.

உணவைப் பற்றிச் சிறிது. 1848ஆம் ஆண்டில் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் அங்கே பண்ணை அமைத்து ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட முனைந்தார். இன்று கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு யாவும் அங்கிருந்தே நாடெங்கும் செல்கின்றன. பயணிகள் விடுதியிற் கிடைப்பவை இவையே. தோட்டத்து உணவோ வேறு. கோதுமை மா ரொட்டியும் சம்பலும், பாலில்லாத சாயத் தேநீரும் அங்கே அன்றாடம். பச்சைக் கொழுந்தை வெங்காயம், மிளகாயோடு பிசைந்து ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் வழக்கமும் உண்டு. உலகம் பானமாக அறிந்த இலையைக் கறியாக அறிந்தவர் தோட்டத்து மக்கள்.

ஒக்டோபர், நவம்பர் மாதங்களுக்கு வருவோம். இவை இரு காற்றுக்களும் ஓய்ந்த இடைக்காலம். காலையில் வெயில் எறிக்கும். பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். வங்காள விரிகுடாவில் எழும் தாழமுக்கங்களும் இக்காலத்திலேதான் தாக்கும். செங்குத்தான சரிவுகளில் நீர் ஊறி, மண் தன் பிடியை இழக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையிற் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மலைச்சரிவினால் மண்ணுட் புதையுண்டன. அவ்விடம் அபாயமானதென்று அதற்கு முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. யப்பானில் மலை சிவக்கும் அதே மாதத்தில், இங்கே லயத்திலுள்ளோர் இரவில் மழையின் ஓசையைக் கேட்டுக்கொண்டு கண் விழித்திருப்பர்.

தீபாவளியும் இம்மாதங்களிலேயே வருகிறது. தோட்டம் கொடுக்கும் முற்பணத்தில் முறுக்கும் அதிரசமும் சுட்டு, புத்தாடை வாங்கி, பின்னர் மாதந்தோறும் சம்பளத்திற் கழித்துக்கொடுப்பது அங்குள்ள வழக்கம். உறவினர் வீட்டு அழைப்பைத் தட்ட இயலாமற் செல்வோர், தேசிய கட்டட ஆராய்ச்சி அமைப்பு வெளியிடும் மண்சரிவு அறிவித்தலை முதலிற் பார்த்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் விழிப்பாயிருக்கவும், செம்மஞ்சள் ஆயத்தமாகவும், சிவப்பு அவ்விடத்தை விட்டு அகலவும் சொல்வன. அறிவித்தல் எதுவும் இல்லாத நாளிலும் விடியற்காலையிற் புறப்பட்டு, நண்பகல் மழை இறங்குமுன் போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது.