உயிர்வேலி: தோட்டத்துக்குக் காவல், வயலுக்குப் பசளை

வன்னிப் பெருநிலப்பரப்பில் மிளகாய், கத்தரி, வெண்டி, பயற்றை முதலியவற்றைச் செய்கைபண்ணும் கமக்காரருக்கு முதற் செலவு வேலிச் செலவேயாகும். கட்டாக்காலி மாடுகள் ஓரிரவு புகுந்தால் இரண்டு மாத உழைப்பு விடியுமுன் அழிந்துவிடும். 2009 ஆம் ஆண்டின் பின் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளில் மீளக் குடியமர்ந்தோர் பலர், வேலி அழிந்து பற்றை மண்டிய காணிகளையே கண்டனர். சீமெந்துத் தூணும் முட்கம்பியும் விலை மிகுந்தவை. உயிர்வேலியோ சிறு செலவில் அமைந்து, காவலுடன் குழையும் விறகும் தருவது.

ஏற்ற மரங்கள்

கிளுவை கடும் வரட்சியைத் தாங்கும். பூவரசங்குழை வயலுக்கு நல்ல பசளை. ஆயினும் பூவரசு வெண்டியின் குடும்பத்தைச் சேர்ந்ததாகையால், வெண்டியைத் தாக்கும் பூச்சிகள் சில அதிலும் தங்கும். எனவே வெண்டித் தோட்டத்தின் ஓரத்தில் அதனைத் தவிர்த்தல் நன்று.

சீமைக்கிளுவை எனப்படும் கிளிசிரிடியா மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கா ஆகிய இடங்களுக்குரியது. இலங்கையில் தேயிலைத் தோட்டங்களில் நிழல் மரமாகவும் நடப்பட்டது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இம்மரம், வேர் முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்களின் துணையால் காற்றிலுள்ள நைதரசனைப் பெறும்.

கதியால் நடுதல்

ஐப்பசி மாதத்தில் மாரிமழை தொடங்கி மண் நன்கு ஈரமான பின் நடுதல் வேண்டும். பட்டை கபில நிறமடைந்து முற்றிய கிளைகளே கதியாலுக்கு உகந்தவை. அவை ஐந்து அல்லது ஆறு அடி நீளமும், இரண்டு அங்குலம் வரை தடிப்பும் உடையனவாயிருக்கலாம். நுனியைச் சரிவாக வெட்டினால் மழைநீர் தங்காது. அலவாங்கினால் ஒன்றரை அடி ஆழக் குழியிட்டு, கதியாலை இறக்கி, மண்ணை இறுக மிதித்தல் வேண்டும். அடித்து இறக்கினால் அடிப்பட்டை பிளந்து வேர் பிடியாது. ஓரடி இடைவெளி போதுமானது. குறுக்கே வரிச்சுத் தடி கட்டினால் கதியால்கள் காற்றில் அசையா. வேரூன்றுமுன் கம்பி இழுத்துக் கட்டலாகாது. முதலாண்டில் ஆடுகள் தளிரைக் கடியாதபடி காத்தல் இன்றியமையாதது.

வெட்டும் காலம்

ஓராண்டு நிறைந்த பின்னரே முதல் வெட்டு. அதன் பின் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வெட்டலாம். வெட்டாது விட்ட கிளிசிரிடியா வரட்சி மாதங்களில் இலையுதிர்த்துப் பூக்கும். தை மாதத்தில் வெட்டிய மரமோ மீண்டும் தளிர்த்து, சித்திரையிற் சிறுபோகத்துக்குக் குழை தரும். சோளகக் காற்று வீசும் கடுங்கோடையில் மரத்தை முற்றாக மொட்டையடித்தல் தகாது.

வரட்சிக் காலத்தில் இளந்தளிரில் கரிய அழுக்கணவன் கூடும். அது பயற்றைக்கும் பரவக்கூடியதாகையால் அத்தளிரை வெட்டி அகற்றுக. வேலியின் நிழலும் வேரும் பயிரைத் தடுக்காதிருக்க, முதல் வரிசை மூன்றடி தள்ளி அமைதல் வேண்டும்.

குழையின் பயன்

ஒரு தொன் பச்சைக் குழையில் ஏறக்குறைய 7 கிலோ நைதரசன் உண்டு. இது சுமார் 15 கிலோ யூரியாவில் உள்ள அளவாகும். இரணைமடு போன்ற குளங்களின் கீழுள்ள வயல்களிற் சேறாக்கும்போது, விதைப்பதற்கு இரு வாரம் முன்னரே குழையை மிதித்துப் புதைத்தல் வேண்டும். தோட்டத்தில் மிளகாய்ப் பாத்திகளுக்கு மூடாக்காக இட்டால் ஈரம் காக்கும். மாடும் ஆடும் இக்குழையை உண்ணும். மணத்தை வெறுப்பின் சிறிது வாடவிட்டுப் பழக்கலாம். எலிக்கொல்லி எனும் பொருள்பட்ட பெயருடைய இம்மரத்தின் விதையும் பட்டையும் நஞ்சுடையனவாதலின், அவற்றைத் தீனாக இடலாகாது.

வேலிக் குழை மட்டும் முழு வயலுக்கும் போதாது. உயிர்வேலி யானையையும் தடுக்காது. எனினும் 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை தளர்த்தப்படும்வரை, நாடெங்கும் கமக்காரர் பட்ட இடரை எவரும் மறந்திலர். கடையில் கிடையாத நாளிலும் தன் எல்லையிற் கிடைக்கும் பசளை ஒன்று உண்டெனில் அது வேலிக் குழையே. வரும் ஐப்பசியில் காணியின் ஒரு பக்கத்திலேனும் கதியால் நடுவோர், மறு ஐப்பசியில் மற்றைப் பக்கங்களுக்கான கதியாலை அயலவரிடம் கேளாது தம் வேலியிலேயே வெட்டத் தொடங்கலாம்.