நாடற்றோரும் சர்வதேசச் சட்டமும்

சர்வதேசச் சட்டம் எவரையும் நேரடியாகப் பிரஜையாக்குவதில்லை. தன் பிரஜைகள் யாவர் என்பதை ஒவ்வோர் அரசும் தன் சொந்தச் சட்டத்தினாலேயே நிர்ணயிக்கும் என 1930ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை முதலாம் உறுப்புரையிலேயே கூறிவிடுகிறது. பிறந்த மண், பெற்றோர் வழி, பதிவு என்பன அரசுகள் பொதுவாகக் கைக்கொள்ளும் வழிகள். இவற்றுள் எதனை ஏற்பது, எதனை விலக்குவது என்பது பெரும்பாலும் அவ்வவ் அரசின் விருப்பத்திற்கே விடப்பட்டுள்ளது. இவ்விருப்பத்தின் விளைவை அறிய நாம் வெகுதூரம் செல்லவேண்டியதில்லை.

1948 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம், இத்தீவில் பிறந்தமை மட்டும் போதாதெனக் கொண்டது. தந்தையும் இங்கு பிறந்திருக்க வேண்டும்; அன்றேல், தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். தகப்பனின் பிறப்புக்கே பத்திரம் காட்டவியலாத மலையகத் தோட்டத் தொழிலாளிக்கு இது அடைக்கப்பட்ட கதவாயிற்று. அதன்பின் இருபத்தைந்தே நாள்களில், ஒவ்வொருவருக்கும் ஒரு தேசிய இனத்துவத்திற்கு உரிமையுண்டென ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனம் 15ஆம் உறுப்புரையில் அறிவித்தது. அவ்வுரிமையை வழங்கும் கடமை எந்த அரசுக்கு உரியது என்பதை மட்டும் அது கூறவில்லை. 1953இல் கொடக்கன்பிள்ளை வழக்கில் பிரித்தானியக் கோமறைக் கழகமும், தன் பிரஜைகளின் அமைப்பை நிர்ணயிப்பது சட்டசபையின் இயல்பான பணியே எனக் கொண்டு சட்டத்தை நிலைநிறுத்தியது.

இவ்விடத்தில் நொட்டபோம் வழக்கை நோக்குதல் பயனுடைத்து. ஜேர்மனியில் பிறந்து, 1905 முதல் குவாத்தமாலாவில் வணிகம் செய்துவந்த செல்வர் அவர். 1939இல் யுத்தம் மூண்டதும், மூன்றாண்டு வதிவு நிபந்தனையிலிருந்து விலக்குப் பெற்று, கட்டணம் செலுத்தி, லீச்டென்ஸ்டைன் பிரஜையானார். அந்நாட்டுடன் அவருக்கு மெய்யான பிணைப்பு எதுவும் இல்லாமையால் அவர் சார்பில் அது வழக்காட இயலாதென 1955இல் சர்வதேச நீதிமன்று தீர்த்தது. மெய்யான பிணைப்பே அளவுகோலாயின், தேயிலை மலையிற் பிறந்து, அங்கேயே உழைத்து, பெற்றோரை அம்மண்ணிலேயே புதைத்தவனின் பிணைப்பினும் மெய்யானது எது? ஆயினும் இக்கொள்கை ஒருவர் பெற்ற பிரஜாவுரிமையைப் பிற அரசு ஏற்காதிருக்கத் துணைசெய்யுமேயன்றி, மறுக்கப்பட்டதைப் பெற்றுத்தராது. நம்மவர் பலர் இவ்வேறுபாட்டைக் கவனியாது இத்தீர்ப்பை மலையக மக்களுக்குச் சாதகமானதாக எடுத்தாள்வது பொருந்தாதென்பது எமது கருத்து.

பின்னர் இரு அரசுகளுமே கணக்குப் பார்த்தன. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கி, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னைய பேச்சுக்கென வைத்தது. இவர்கள் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். பங்கிடப்பட்டோர் இவ்வொப்பந்தங்களில் ஒரு தரப்பினராக இருக்கவில்லை.

பிரகடனம் விட்டுவைத்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது 1961ஆம் ஆண்டின் நாடற்ற நிலையைக் குறைத்தல் உடன்படிக்கையாகும். வேறெந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் கிட்டாத பிள்ளைக்கு, பிறந்த நாடே அதனை வழங்கவேண்டுமென அது விதிக்கிறது. எனினும் அதிற் சேர்ந்த அரசுகளையே அது கட்டுப்படுத்தும்.

இலங்கையில் மாற்றம் உள்நாட்டுச் சட்டத்தின் வழியே வந்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், குறித்த ஒரு நாள் முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. அந்நாள் 1964 ஒக்டோபர் 30.