கம்பி வராத கடைகள்

அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் ஹோம்ஸ் என்றொரு மாவட்டம் உண்டு. அங்கு வாழும் ஆமிஷ் மக்கள் மோட்டார் வண்டி வைத்திருப்பதில்லை. வீட்டுக்கு மின்கம்பி இழுப்பதுமில்லை. குதிரையும் ஏருமே அவர்தம் வாழ்வென நாம் எண்ணுவோம். ஆனால் ஏர் பலர் கையை விட்டுப் போய்விட்டது. குடும்பத்துக்கு ஆறேழு பிள்ளைகள். நிலமோ பெருகவில்லை, அதன் விலைதான் பெருகிற்று. தொழிற்சாலைக்குச் சென்றால் தந்தை பகலெல்லாம் மக்களைப் பிரிந்திருத்தல் வேண்டும். ஆதலின் வீட்டருகே தச்சுப்பட்டறைகளும் கடைகளும் எழுந்தன.

மின்சாரமின்றி மரம் அறுப்பதெங்ஙனம்? பல பட்டறைகளில், கொட்டகையிலுள்ள டீசல் இயந்திரம் காற்றை அழுத்தித் தாங்கியில் நிரப்புகிறது. அக்காற்றே குழாய் வழியாக வந்து கருவிகளைச் சுழற்றுகிறது. இதனைப் போலித்தனம் என்பாருமுளர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. இயந்திரத்தை அவர்கள் பகைக்கவில்லை. கம்பியின் பின்னால் வானொலியும் தொலைக்காட்சியும் வீட்டினுள் புகுமே என்றுதான் அஞ்சுகின்றனர்.

அயலூரான கிட்ரனில், மின்சாரம் வேண்டாத பண்டங்களை இம்மக்களுக்கு விற்கவென்றே 1955இல் லேமன் கடை தோன்றியது. மண்ணெண்ணெய் விளக்கும் விறகடுப்பும் வாங்க இன்று அங்கே திரள்வோர் பெரும்பாலும் வெளியார். ஆமிஷ் பட்டறைகளின் மேசை நாற்காலிகளை வாங்குவோரும் அவர்களே. உலகை விட்டு விலகி நிற்க முனைந்தோரின் சோறு, அவ்வுலகத்தாரின் பணப்பையில் இருக்கிறது! ஆயினும் சுற்றுலாப் பேருந்தே வாசலில் வந்து நின்றாலும், ஞாயிற்றுக்கிழமை ஆமிஷ் கடைக்கதவு திறவாது.