கீழ்த்தாடைக் கால்வாய்

கீழ்த்தாடைக் கால்வாய் என்பது கீழ்த்தாடை எலும்பினுள் இருபுறமும் செல்லும் குழாய் போன்ற வழியாகும். இது தாடையின் பின்பகுதியில், உட்புறமாக உள்ள கீழ்த்தாடைத் துளையில் தொடங்கி, முன்கடைவாய்ப் பற்களின் அருகிலுள்ள மோவாய்த் துளையில் வெளிப்படுகிறது. கீழ்ப் பற்குழி நரம்பும் இரத்தக் குழல்களும் இதனூடே செல்கின்றன. கீழ்ப்பற்கள், கீழுதடு, மோவாய் ஆகியவற்றின் உணர்ச்சி இந்நரம்பைச் சார்ந்தது.

வேறுபாடுகள்

கால்வாயின் உயரமும் வளைவும் ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலருக்கு அது இரண்டாகக் கிளைத்திருக்கும்; இத்தகைய கால்வாய்களை இலாங்லைசு குழுவினர் 1985இல் நான்கு வகைகளாகப் பிரித்தனர். வேறு சிலருக்கு நரம்பு மோவாய்த் துளையைக் கடந்து முன்சென்று, வளைந்து திரும்பி வெளிவரும்.

அறுவை மருத்துவத்தில் முக்கியத்துவம்

ஞானப்பல்லின் வேர் கால்வாயை ஒட்டியிருந்தால், பல்லைப் பிடுங்கும்போது நரம்பு நசுங்கக்கூடும். அதனால் கீழுதடு சில வாரங்களோ மாதங்களோ, அரிதாக நிலையாகவோ மரத்துப்போகும். கிளைத்த கால்வாய் உடையவர்களுக்கு வழக்கமான மரப்பூசி போதாமல் வலி தொடரலாம். செயற்கைப் பல்வேர் பதிக்கும்போது கால்வாய்க்கு மேல் சுமார் 2 மி.மீ. எலும்பு பாதுகாப்பு இடைவெளியாக விடப்படுகிறது.

சாதாரண எக்சு-கதிர்ப் படம் தட்டையானது. கால்வாய் வேரின் நாக்குப் பக்கம் உள்ளதா, கன்னப் பக்கம் உள்ளதா என்பதை அது காட்டாது. ஆயினும் வேர் கருத்துத் தெரிவதும், கால்வாயின் வெண்கோடு அறுபடுவதும் எச்சரிக்கைக் குறிகளாகும். அந்நிலையில் கூம்புக்கற்றை சி.டி. படம் முப்பரிமாணத்தில் உதவுகிறது. ஆபத்து மிகுதியெனில், பல்லின் மேற்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து வேரை விட்டுவிடும் முறையும் உண்டு.